புதைத்து விடாதீர்கள், அது தமிழ்!

ரமளான் நெருங்கினால் நம் பள்ளிவாசல்களில் ஒரு வேலை நடக்கும். சுவருக்கு வெள்ளையடிப்பார்கள். பாய்களை வெயிலில் உதறிப் போடுவார்கள். அலமாரியில் கிழிந்து கிடக்கும் குர்ஆன் பிரதிகள், யாஸீன் கிதாபுகள், ஜுஸ்வுகள் எல்லாவற்றையும் சாக்கில் கட்டி, கபருஸ்தானின் ஓரத்தில் குழி தோண்டிப் புதைப்பார்கள். அல்லாஹ்வின் வேதம் காலில் மிதிபடக் கூடாது என்ற பேணுதல் அது. மார்க்கத்தில் அதற்கு இடமும் இருக்கிறது.

சென்ற ஆண்டு அப்படி ஒரு சாக்கு, அம்பத்தூரில் நான் ஜும்ஆ பயானுக்குப் போகும் பள்ளிக்கு வந்தது. கொண்டு வந்தவர் தொழிற்பேட்டைப் பக்கம் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் சகோதரர். பூர்வீகம் கீழக்கரை. "ஹஜ்ரத், எங்க உம்மும்மா மவுத்தானதுலேர்ந்து பரண்ல கெடந்தது. எல்லாம் பழைய குர்ஆன். இப்ப வீடு மாத்துறோம். ஒளு இல்லாம தொடவே பயமா இருக்கு. நீங்களே பாத்து அடக்கிடுங்க" என்றார்.

அடக்குவதற்கு முன் எண்ணிப் பார்ப்போமே என்று அவிழ்த்தேன். பதினான்கு நூல்கள் இருந்தன. அவற்றில் குர்ஆன் மூன்றுதான். மீதி பதினொன்றும் அட்டை போன, பழுப்பேறிய, கல்லச்சில் அடித்த பழைய கிதாபுகள். ஒன்றைப் பிரித்து முதல் வரியை அரபி என்று நினைத்தே ஓதினேன். எழுத்தெல்லாம் நாவுக்கு வந்தது. அர்த்தம் மட்டும் வரவில்லை. இலக்கணம் உதைத்தது. மறுபடி ஓதினேன், கொஞ்சம் சத்தமாக. அப்போது காதில் விழுந்தது. ஒளுவுக்கு எத்தனை பர்ளு, எதெது பட்டால் ஒளு முறியும் என்று அந்தக் கிதாபு நமக்குத் தெரிந்த வீட்டுத் தமிழில் சொல்லிக் கொண்டிருந்தது!

சகோதரர்களே! குர்ஆன் என்று நினைத்து நாம் புதைக்க இருந்தது தமிழை. நம் முன்னோர் அரபு எழுத்தில் எழுதிய தமிழை. அதற்கு அரபுத் தமிழ் என்று பெயர். அர்வி என்றும் சொல்வார்கள். தெலுங்கர்கள் தமிழை அரவம் என்பார்கள். அந்தச் சொல்லோடு இதற்கு உறவு உண்டு என்று கூறுவோரும் இருக்கிறார்கள்.

இளைஞர்களில் பலருக்கு இந்தப் பெயரே புதிதாக இருக்கும். எனவே சற்று விளக்கி விடுகிறேன். அரபியில் 28 எழுத்துகள். தமிழில் உள்ள ட, ப, ங, ஞ, ண, ழ போன்ற ஒலிகளுக்கு அரபியில் நேரான எழுத்து இல்லை. நம் ஆலிம்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? இருக்கும் அரபு எழுத்துக்கே மேலும் கீழும் கூடுதலாகப் புள்ளிகள் இட்டுப் புது எழுத்துகளை உண்டாக்கினார்கள். எ, ஒ என்ற ஒலிகளுக்கும் தனிக் குறி வைத்தார்கள். ஜபர், ஜேர், பேஷ் எல்லாம் இட்டு எழுதினார்கள். ஆகவே குர்ஆன் ஓதத் தெரிந்தவர் அந்தக் கூடுதல் எழுத்துகளை மட்டும் பழகிக் கொண்டால் முழுப் புத்தகத்தையும் வாசிக்கலாம். அரபி தெரிய வேண்டியதில்லை. தமிழ் பேசத் தெரிந்தால் போதும்.

ஏன் இப்படிச் செய்தார்கள்? தமிழ் எழுத்து அவர்களுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். வண்ணப்பரிமளப் புலவரின் ஆயிர மசலா 1572இல் மதுரையில் அரங்கேறியது. உமறுப் புலவரின் சீறாப்புராணம் தமிழிலக்கிய வரிசையில் நிற்கிறது. தமிழ் எழுத்தில் எழுதத் தெரியாமல் அரபு எழுத்துக்கு ஓடியவர்கள் அல்ல அவர்கள். அவர்கள் எண்ணிப் பார்த்தது யாரையென்றால், பள்ளிக்கூட வாசலை மிதிக்க முடியாதவர்களை, குறிப்பாகப் பெண்களை. காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம், நாகூர், கடலுக்கு அப்பால் இலங்கையின் பேருவளை என்று எந்த ஊரை எடுத்தாலும், முஸ்லிம் வீட்டில் பிறந்த பெண் குழந்தை ஐந்து வயதில் லெப்பையிடமோ ஓதிக் கொடுக்கும் பெண்மணியிடமோ அலிஃப், பே கற்றுக் கொண்டது. அந்த ஒரே எழுத்தை வைத்து அவளுக்குத் தொழுகைச் சட்டமும், நபிமார் வரலாறும், மருந்துக் குறிப்பும் வாசிக்கக் கிடைக்கச் செய்தார்கள். கணவன் ரங்கூனிலோ பினாங்கிலோ கொழும்பிலோ கடை வைத்திருப்பான். அவனுக்கு அவள் கடிதம் எழுதினாள். யாரையும் கெஞ்சி எழுதச் சொல்லாமல், தன் கையால் எழுதினாள்.

பெண்களைப் படிக்க விடாத சமுதாயம் என்று நம்மைப் பற்றி மேடை மேடையாகப் பேசுகிறார்களே, அவர்களுக்குச் சொல்ல நம்மிடம் இருந்த பதில் இது. அந்தப் பதிலைத்தான் சாக்கில் கட்டிக் கொண்டிருக்கிறோம். (அன்றைய பெண் கல்வியில் குறையே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. கணக்கும் பூகோளமும் அவளுக்குக் கிடைக்கவில்லை என்பதும் உண்மைதான்.)

இந்த எழுத்தில் எழுதியவர்களில் ஒருவரை மட்டுமாவது ஒவ்வொரு முஸ்லிம் மாணவனும் அறிந்திருக்க வேண்டும். மாப்பிள்ளை லெப்பை ஆலிம் என்று மக்கள் அழைத்த இமாமுல் அரூஸ் செய்யிது முஹம்மது (ரஹ்). 1816இல் காயல்பட்டினத்தில் பிறந்தார். கீழக்கரையில் வாழ்ந்தார். 1898இல் மறைந்தார். அவர் எழுதிய 'மகானி' ஷாஃபி மத்ஹபின் சட்டங்களை அரபுத் தமிழில் சொல்லும் நூல். தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் வீட்டில் உட்கார்ந்து அதை வாசித்து மார்க்கம் படித்திருக்கிறார்கள். 'மதீனத்துன் நுஹாஸ்' என்ற கதை நூலும் அவர் தந்ததுதான். 'தாமிரப்பட்டணம்' என்று அதைப் பிற்காலத்தில் தமிழ் எழுத்துக்கு மாற்றினார்கள். பேருவளையில் ஷெய்கு முஸ்தஃபா (ரஹ்) அதே 19ஆம் நூற்றாண்டில் குர்ஆனுக்கு அரபுத் தமிழில் விரிவுரை எழுதினார். இன்று நாம் கையில் வைத்திருக்கும் தமிழ் எழுத்துக் குர்ஆன் மொழிபெயர்ப்புகளுக்கெல்லாம் முன்பே அந்தப் பணி நடந்து விட்டது!

பிறகு ஏன் அழிந்தது? எவனோ சதி செய்து அழித்தான் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் உண்மை அப்படி இல்லை. நாமே வேண்டாமென்று விட்டோம். அதற்குப் பல காரணங்கள். தமிழ் எழுத்துக்கு ஈய அச்சு வந்து மலிவானது. அரபுத் தமிழ் கல்லச்சோடு நின்றது. அரசுப் பள்ளிகள் பெருகி நம் பிள்ளைகள் தமிழ் எழுத்தில் படித்தார்கள், அது நல்லதுதான். வட ஆற்காட்டு மதரஸாக்களில் உர்து போதனை மொழியாக இருந்ததால், அங்கு ஓதிப் பட்டம் பெற்று வந்த ஆலிம்கள் அரபுத் தமிழை வயதான பெண்களின் சமாச்சாரம் என்று ஒதுக்கினார்கள். 1920களிலிருந்து பா. தாவூத் ஷா அவர்கள் 'தாருல் இஸ்லாம்' இதழின் மூலம், முஸ்லிம்கள் நல்ல தமிழில் தமிழ் எழுத்தில் எழுத வேண்டும் என்று போராடினார். ஆ.கா. அப்துல் ஹமீது பாகவி அவர்களின் 'தர்ஜமதுல் குர்ஆன்' 1949இல் முழுமையாக வெளிவந்தது. இவர்கள் செய்தது பெரும் சேவை. அவர்கள் இல்லையென்றால் இந்தக் கட்டுரையை நான் எழுதவும் முடியாது, நீங்கள் வாசிக்கவும் முடியாது. ஆனால் புது வீடு கட்டியவன் பழைய வீட்டின் பத்திரத்தைக் கிழித்துப் போடலாமா? நாம் அதைத்தான் செய்தோம்.

நாம் என்று சொல்லும்போது என்னையும் சேர்த்தே சொல்கிறேன். மதரஸாவை விட்டு வெளியே வந்த புதிது. ஷிர்க்கையும் பித்அத்தையும் வேரறுக்கும் வேகம். ஆவடிப் பக்கம் ஒரு பெரியவர் வீட்டில் மவ்லித் கிதாபுகள் இரண்டு பெட்டி நிறைய இருப்பதாகச் சொன்னார்கள். நானும் நண்பர்கள் நால்வரும் போய், அவருக்கு ஒரு மணி நேரம் பேசிப் புரிய வைத்து, இரண்டு பெட்டிகளையும் ஏரியில் கொண்டு போய் விட்டோம். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியை மட்டும் திருப்பிக் கேட்டார், துணி வைக்க. அவற்றில் மவ்லித் எத்தனை? மாலை எத்தனை? மருத்துவம் எத்தனை? அவருடைய பாட்டனாரின் கடைக் கணக்கு எத்தனை? ஒன்றையும் நாங்கள் பிரித்துப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் எங்கள் ஐந்து பேரில் ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாது. வாசிக்கத் தெரியாத நூலுக்குத் தீர்ப்பு எழுதினோம்! அல்லாஹ் எங்களை மன்னிப்பானாக.

அந்த நூல்களில் மார்க்கத்துக்கு முரணானவை இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அவ்லியாக்களிடம் நேரடியாக உதவி தேடும் பாடல்கள் உண்டு. அவற்றை நான் அன்றும் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை. ஆனால் தவறு என்று சொல்ல வேண்டுமானாலும் முதலில் வாசிக்க வேண்டும் அல்லவா? நம் இமாம்கள் வழிதவறிய கூட்டங்களின் நூல்களை வரி வரியாக வாசித்துத்தான் மறுப்பு எழுதினார்கள். அவற்றைக் கிணற்றில் போட்டுவிட்டு அவர்கள் மறுப்பு எழுதவில்லை.

ஆக, இந்த நூல்களுக்கு இரண்டு பக்கமும் ஆபத்து. ஒருவர் குர்ஆன் என்று மரியாதை செய்து புதைக்கிறார். இன்னொருவர் பித்அத் என்று வெறுத்துத் தண்ணீரில் விடுகிறார். இருவருமே பிரித்து வாசிப்பதில்லை. நடுவில் கரையான் தன் பங்கைத் தின்று முடிக்கிறது.

அந்தமானில் நடந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். போர்ட் பிளேரில் நம்மவர்கள் எத்தனையோ பேர் வியாபாரம் செய்கிறார்கள். அங்கே போவா என்ற மூதாட்டி 2010 ஜனவரியில் இறந்தார். 'போ' என்ற பழங்குடி மொழியைப் பேசத் தெரிந்த கடைசி மனிதர் அவர். 2004 சுனாமியிலும் பிழைத்தவர். கடைசி ஆண்டுகளில் தன் மொழியில் பேசுவதற்கு அவருக்கு ஓர் ஆள்கூடக் கிடையாது. அன்விதா அப்பி என்ற மொழியறிஞர் அவரிடமிருந்து பதிவு செய்து வைத்ததுதான் மிச்சம். அவரோடு அந்த மொழியும் மண்ணுக்குள் போய்விட்டது.

நம் நிலைமை அவ்வளவு மோசம் இல்லை. தமிழைப் பேசுவோர் கோடிக்கணக்கில் இருக்கிறோம். இங்கே செத்துக் கொண்டிருப்பது எழுத்தை அறிந்த கண்கள். கடற்கரை ஊர்களின் பழைய வீடுகளில் எண்பது வயதைத் தாண்டிய பெண்கள் சிலர் இன்னும் வாசிக்கிறார்கள். ஆலிம்களில் விரல் விட்டு எண்ணத்தக்க சிலர் இருக்கிறார்கள். கீழக்கரை தைக்கா ஷுஐபு ஆலிம் அவர்கள் 1993இல் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் அரபி, அரபுத் தமிழ், பார்சி மொழிகளில் நடந்த பணியைத் திரட்டிப் பெரிய ஆங்கில நூலாக வெளியிட்டார்கள். அந்த நூல் மட்டும் வந்திராவிட்டால் நம் முன்னோர் என்ன எழுதினார்கள் என்ற பட்டியல்கூட நம்மிடம் இருந்திருக்காது. பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள்? வெளிநாட்டு ஆய்வாளர்கள் அதைத் தேடி வாங்கிப் படிக்கிறார்கள்.

பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். கேரளத்தில் அரபு மலையாளம் இருக்கிறது. கோழிக்கோடு காழி முஹம்மது அவர்களின் முஹ்யித்தீன் மாலை 1607இல் எழுதப்பட்டது. அங்கேயும் மலையாள எழுத்துக் கல்வி வந்தது; நூற்றுக்கு நூறு எழுத்தறிவு என்று சொல்லும் அளவுக்கு வந்தது. இருந்தும் சமஸ்தா மதரஸாக்களில் பிள்ளைகள் அரபு மலையாளப் பாடப் புத்தகம் படிக்கிறார்கள். ஆகவே ஒன்று வந்தால் மற்றது போய்த்தான் ஆக வேண்டும் என்பது விதி அல்ல.

தென்னாப்பிரிக்காவுக்கு உஸ்மானிய அரசு அனுப்பிய அபூபக்ர் எஃபெந்தி என்ற ஆலிம், அங்கிருந்த முஸ்லிம்களுக்காக ஆஃப்ரிகான்ஸ் மொழியை அரபு எழுத்தில் எழுதி 'பயானுத்தீன்' என்ற சட்ட நூலைத் தந்தார். அது 1877இல் இஸ்தம்பூலில் அச்சானது. வெள்ளையர்கள் தங்கள் மொழி என்று பெருமை பேசிய ஆஃப்ரிகான்ஸின் ஆரம்பகாலச் சான்றுகளில் ஒன்றாக, அடிமைகளாகக் கொண்டு வரப்பட்ட முஸ்லிம்களின் வழித்தோன்றல்களுக்காக எழுதிய அந்த நூலை இன்று ஆய்வாளர்கள் எடுத்து வைக்கிறார்கள். நியூசிலாந்தில் மவோரி மக்கள் தங்கள் மொழி கிழவர்களோடு போய்விடும் என்று அஞ்சி, 1982இல் பாட்டிகளையும் பச்சைக் குழந்தைகளையும் ஒரே கூடத்தில் உட்கார வைத்தார்கள். 1987இல் அது அந்நாட்டின் ஆட்சிமொழிகளில் ஒன்றானது. அவர்களுக்கு முதலில் தேவைப்பட்டது ஒரு கூடமும், சொல்லித் தரச் சம்மதித்த கிழவிகளும்தான்.

'இதெல்லாம் ஆராய்ச்சியாளர் வேலை. சமுதாயத்துக்கு ஆயிரம் பிரச்சினை இருக்கும்போது இது தேவையா?' என்று சகோதரர்கள் கேட்பீர்கள். இடஒதுக்கீடு, சிறைவாசிகள், வக்ஃப் நிலம், வேலையின்மை என்று நாமும் இதே பக்கங்களில் எழுதிக் கொண்டிருக்கிறோம். நியாயமான கேள்விதான். என்னுடைய பதிலைச் சொல்கிறேன்.

நம்மை இந்த மண்ணுக்கு அந்நியர் என்று சொல்லும் குரல் ஆண்டுக்கு ஆண்டு உரத்து வருகிறது. 2019இல் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தபோது, பாட்டன் பூட்டனின் காகிதத்தைத் தேடி வீட்டுப் பரணை உருட்டாதவர் நம்மில் யார்? அந்தப் பரணில்தான் இந்தக் கிதாபுகளும் கிடந்தன. 'உன் எழுத்து அரபி, உன் பெயர் அரபி, நீ எப்படித் தமிழன்?' என்று கேட்பவனுக்கு இதைவிடச் சிறந்த பதில் எங்கே இருக்கிறது? அரபு எழுத்தை எடுத்துக் கொண்டவர்கள் அரபியைப் பேச்சுமொழி ஆக்கிக் கொண்டிருக்கலாம், ஆக்கவில்லை. அந்த எழுத்தையே வளைத்து 'ழ' எழுத வைத்தார்கள்! தமிழை இவ்வளவு நேசித்தவர்களிடமா தமிழ்ப்பற்றுக்குச் சான்றிதழ் கேட்பது?

2025 வக்ஃப் திருத்தச் சட்டத்துக்குப் பிறகு ஆவணம் என்ற சொல்லின் எடை கூடிவிட்டது. பழைய பள்ளிகளின் அலமாரிகளில், இரும்புப் பெட்டிகளில் என்னென்ன எழுத்தில் என்னென்ன குறிப்புகள் கிடக்கின்றன என்று எந்த ஜமாஅத்தாவது பார்த்திருக்கிறதா? 'ஏதோ அரபியில் இருக்கிறது' என்று மூடி வைத்தவை எத்தனை? திறந்து பார்த்தால் ஒன்றுமே இல்லாமல் போகலாம். ஆனால் திறந்து பார்க்காமல் புதைப்பது மட்டும் புத்திசாலித்தனம் ஆகாது.

இனி மார்க்கத்தின் பக்கம் வருகிறேன். அர்ரூம் அத்தியாயத்தின் 22ஆம் வசனத்தை எடுத்துப் பாருங்கள். மனிதர்களின் மொழிகள் வேறுபட்டிருப்பதை அல்லாஹ் தன் அத்தாட்சிகளில் ஒன்றாகச் சொல்கிறான். இப்ராஹீம் அத்தியாயத்தின் 4ஆம் வசனத்தைப் பாருங்கள். எந்தத் தூதரும் தம் சமூகத்தின் மொழியில்தான் அனுப்பப்பட்டார் என்கிறது. நம் முன்னோர் அரபுத் தமிழில் செய்தது அந்த வேலைதான். மக்கள் பேசும் மொழியில் எடுத்துச் சொன்னார்கள். ஜைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களின் செய்தி திர்மிதியில் இருக்கிறது. யூதர்களின் எழுத்தைக் கற்று வரும்படி நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். அரை மாதம் முடிவதற்குள் அவர் கற்றுத் தேர்ந்தார். அதன் பிறகு யூதர்களுக்குக் கடிதம் எழுதுவதும், அவர்களிடமிருந்து வரும் கடிதத்தை வாசிப்பதும் அவர் பொறுப்பாயிற்று. அன்னியரின் எழுத்துக்கு அரை மாதம். நம் சொந்தப் பாட்டியின் எழுத்துக்கு நம்மால் அவ்வளவு ஒதுக்க முடியாதா?

முடியும் என்பதைக் கண்ணால் கண்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அந்தச் சாக்கில் இருந்த ஒரு கிதாபை எடுத்துக் கொண்டு பூந்தமல்லிக்கு ஒரு நிகழ்ச்சிக்குப் போயிருந்தேன். பூந்தமல்லி பழைய ஊர். கோல்கொண்டா ஆட்சியில், 1653இல் கட்டிய பள்ளிவாசல் அங்கே உண்டு. உர்து பேசும் குடும்பங்களும், தெற்கேயிருந்து பிழைப்புக்கு வந்த தமிழ் பேசும் குடும்பங்களும் அடுத்தடுத்து வாழும் ஊர். ஹிஃப்ளு ஓதும் பையன் ஒருவன், பன்னிரண்டு வயது, வீட்டில் உர்து. அவனிடம் கிதாபைக் கொடுத்து ஓதச் சொன்னேன். கூடுதல் புள்ளி வைத்த எழுத்துகளை மட்டும் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். பையன் திக்கித் திக்கி ஓதினான். அவனுக்கு அர்த்தம் புரியவில்லை. பக்கத்தில் டாங்கி ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் உட்கார்ந்திருந்தார். மேலப்பாளையத்துக்காரர். அவருக்கு அந்த எழுத்து ஒன்றும் தெரியாது. ஆனால் காதைக் கொடுத்துக் கேட்டவர், "தம்பி, இது குளிப்பு முறையைச் சொல்லுதுல்லா! எங்க வூட்டுல எங்க உம்மா இதைத்தானே வாசிச்சாக!" என்றார். அப்புறம் அவர் பேசவில்லை. பையனைப் பார்த்து, நிறுத்தாமல் ஓது என்று கையை மட்டும் அசைத்தார்.

எழுத்து ஒருவரிடம் இருக்கிறது, மொழி இன்னொருவரிடம் இருக்கிறது. இருவரையும் ஒரு பாயில் உட்கார வைக்க ஆள் இல்லை. உர்து ஜமாஅத், தமிழ் ஜமாஅத் என்று பிரிந்து நின்று கொண்டிருக்கும் நம் புறநகர்ப் பகுதிகளுக்கு இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. அதை விரித்து எழுதினால் வேறு சண்டைக்குப் போய்விடும். இன்னொரு சமயம் பார்க்கலாம்.

என்ன செய்யலாம்? பெரிய மாநாடு போட வேண்டாம். தீர்மானம் நிறைவேற்ற வேண்டாம். தீர்மானம் நிறைவேற்றி மறந்த சமுதாயம் நாம். முதல் வேலை, புதைப்பதை நிறுத்துங்கள். சாக்கு கட்டும் முன் ஒவ்வொன்றையும் பிரித்துப் பாருங்கள். அரபு எழுத்தில் இருப்பதெல்லாம் குர்ஆன் அல்ல. கிழிந்த முஸ்ஹஃபுக்கு உள்ள சட்டம் கிழிந்த சட்டப் புத்தகத்துக்குக் கிடையாது. சந்தேகம் இருந்தால் ஓதத் தெரிந்த ஒருவரைச் சத்தமாக ஓதச் சொல்லிக் கேளுங்கள். தமிழ் என்றால் உங்கள் காதே சொல்லிவிடும்.

அம்பத்தூர், ஆவடி, பட்டாபிராம், திருவேற்காடு, பூந்தமல்லி வட்டாரத்தில் கடை வைத்திருக்கும் வியாபாரிகளில் பலர் தெற்கத்திக்காரர்கள். தொழிற்பேட்டையும் டாங்கி ஃபேக்டரியும் 1960களில் வந்த பிறகு பிழைப்புத் தேடி வந்த குடும்பங்கள். பெருநாளுக்கு ஊருக்குப் போகும்போது ஒரு காரியம் செய்யுங்கள். பூட்டிக் கிடக்கும் பழைய வீட்டின் மாடத்திலும் மரப்பெட்டியிலும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். எண்பது வயது உம்மும்மா இருந்தால் ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லிக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். கல்யாண விருந்தைப் படம் பிடிக்கும் அதே கைப்பேசிதான். பாட்டனாரின் கடைக் கணக்கோ கடிதமோ கிடைத்தால் அதையும் படமெடுங்கள். ரங்கூனுக்கும் கொழும்புக்கும் நம்மவர் நடத்திய வியாபாரத்தின் வரலாற்றை எழுத அதைவிட வேறு சான்று கிடைக்காது.

படமெடுத்ததை எங்கே கொடுப்பது? சென்னையிலேயே இடங்கள் இருக்கின்றன. அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் இருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகம் இருக்கிறது. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் அரபி, பார்சி, உர்து துறை இருக்கிறது. 1951இல் நம் சமுதாயப் பெரியவர்கள் தொடங்கிய புதுக்கல்லூரி இருக்கிறது. நம்மிடம் இருப்பதைக் கொண்டு போய்க் காட்டினால்தானே அவர்கள் கேட்பார்கள்? கணினியில் எழுதுவதற்கும் தடை இல்லை. உலகத் தரமான யூனிகோடில் அரபுத் தமிழுக்கு வேண்டிய எழுத்துகளும் இடம் பெற்றுவிட்டன. கணினி படித்த நம் பிள்ளைகள் அம்பத்தூரிலேயே ஐ.டி. கம்பெனிகளில் ஆயிரக்கணக்கில் வேலை பார்க்கிறார்கள். ஒரு விசைப்பலகை செய்து தர ஒருவர் வரமாட்டாரா?

இளைஞர்களிடம் ஒரு கோரிக்கை. கோடை விடுமுறையில் மக்தப் மதரஸாக்களில் அரபுத் தமிழுக்குப் பதினைந்து நாள் ஒதுக்கக் கேளுங்கள். அஸருக்குப் பின் அரை மணி நேரம் போதும். கற்றுக் கொடுக்கும் ஆள் இல்லை என்று உஸ்தாதுமார்கள் சொல்லக்கூடும். உண்மைதான், எனக்கும் இதைக் கற்றுக் கொடுத்தவர் யாரும் இல்லை. மகானியின் ஒரு பழைய பிரதியையும், அதன் தமிழ் எழுத்துப் பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொண்டு நானே தட்டித் தடவிக் கற்றேன். பதினைந்து நாள் ஆகும் என்று நினைத்தேன். எனக்கு இருபத்திரண்டு நாள் ஆயிற்று. நாற்பதைத் தாண்டிய மூளைக்கு அவ்வளவுதான் ஓடும். பையன்கள் நாலைந்து நாளில் பிடித்துக் கொள்கிறார்கள்.

அம்பத்தூர் சகோதரரின் சாக்கில் இருந்த மூன்று குர்ஆன் பிரதிகளையும் முறைப்படி அடக்கி விட்டோம். பதினொரு கிதாபுகளும் பள்ளியின் மாடி அறையில், வசம்பும் வேப்பிலையும் போட்டு வைத்த ஓர் அலமாரியில் இருக்கின்றன. அவற்றில் நான்குக்கு முன்பக்கம் இல்லை. என்ன நூல் என்று இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒன்றின் உள்ளட்டையில் மட்டும் பென்சிலால் ஏதோ கணக்கு எழுதியிருந்தது. அரபுத் தமிழில்தான். அரிசி இவ்வளவு, விளக்கெண்ணெய் இவ்வளவு, பிள்ளைக்கு மருந்து இவ்வளவு. அந்தச் சகோதரரைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். "எங்க உம்மும்மாவுக்கு எழுதத் தெரியும்னு எனக்குத் தெரியாதே ஹஜ்ரத்" என்றார். மறுநாள் ஊருக்கு ரயில் ஏறினார். இன்னொரு பெட்டி இருக்கிறதாம்.